அரிசிம்பருப்பில் தக்காளி எதற்கு?

கோபிக்காரி:
நேற்று ஒரு காணொளியில் "கொங்கு அரிசிம்பருப்பு சாதம்" என்று சொல்லிவிட்டு மூன்று தக்காளி, பட்டை, கிராம்பு, கைநிறைய புதினா போட்டு ஒருவர் கிளறியதைப் பார்த்ததில் இருந்து வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அது பருப்பு போட்ட குஸ்கா. எங்கள் வீட்டில் இரண்டு டம்ளர் புழுங்கலரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு, ஒரு கை சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள்தூள். கடலெண்ணெயில் தாளித்து, ஏழு டம்ளர் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு மூடினால் முடிந்தது. தட்டில் போட்டதும் நெய். தக்காளிக்கு அங்கே வேலையே இல்லை.

தஞ்சாவூரான்:
அக்கா, புளிப்பே இல்லாமல் எப்படித் தொண்டையில் இறங்கும்? நீங்கள் சொல்வது காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற பத்தியச் சாப்பாடு. நான் பெண் எடுத்தது ஈரோட்டில்தான், என் மாமியாரே ஒரு தக்காளி நறுக்கிப் போடுவார். அவரும் கொங்குதானே? தக்காளி வந்தேறி என்று சொல்லப் போகிறீர்கள் என்றால், நீங்கள் கிள்ளிப் போடும் வரமிளகாயும் அதே அமெரிக்கக் கண்டத்தில் இருந்து கப்பலேறி வந்ததுதான்.

கோபிக்காரி:
வந்தேறி என்று நான் எங்கே சொன்னேன் தம்பி? பருப்பு வேகாது என்கிறேன். புளிப்பு பட்டால் துவரம்பருப்பு மலர நேரம் பிடிக்கும், அதனால்தானே சாம்பாருக்குப் பருப்பைத் தனியாக வேகவைத்துவிட்டு அப்புறம் புளி சேர்க்கிறோம்? இதில் அரிசி, பருப்பு எல்லாம் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் வேக வேண்டும். தக்காளியை அள்ளிப் போட்டால் அரிசி குழைந்துவிடும், பருப்பு மட்டும் பல்லில் நறநறவென்று நிற்கும்.

ஒண்டிக்கட்டை பெங்களூரு:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் தக்காளியே போடாமல்தான் போன ஞாயிற்றுக்கிழமை செய்தேன், ஐந்து விசில் விட்டும் பருப்பு கல் மாதிரி இருந்தது. அரிசி களி. கடைசியில் தயிரை ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். இதற்கு யார் காரணம்?

தஞ்சாவூரான்:
பார்த்தீர்களா அக்கா! பாவம், தக்காளி மேல் பழி.

கோபிக்காரி:
தம்பி பெங்களூரு, போர் தண்ணீரில் வைத்தீர்களா? அந்தத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு பருப்பை மெத்தென்று ஆகவிடாது. பருப்பு டப்பாவில் எத்தனை மாதமாகக் கிடக்கிறது என்பதையும் பாருங்கள், பழசானால் அடம் பிடிக்கும். அரிசியையும் பருப்பையும் சேர்த்தே அரை மணி நேரம் ஊறவைத்து, குடிக்கிற தண்ணீரில் வையுங்கள். நான்கு விசில், ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்காதீர்கள்.

ஒண்டிக்கட்டை பெங்களூரு:
போர் தண்ணீரேதான். பருப்பு போன தீபாவளிக்கு அம்மா கொடுத்துவிட்டது. சரி, இன்று கேன் தண்ணீரில் புதுப் பருப்பு.

தஞ்சாவூரான்:
தண்ணீர் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு தக்காளி, அதையும் தாளிப்பிலேயே நன்றாக வதக்கிச் சேர்த்தால் குக்கரில் பருப்பு வெந்துவிடுகிறது. பதினோரு வருடமாகச் சாப்பிடுகிறேன், ஒரு நாளும் நறநறக்கவில்லை. விறகடுப்பில் பானை வைத்த காலத்துக்கு உங்கள் நியாயம் சரி, இப்போது இல்லை.

கோபிக்காரி:
வெந்துவிடும், சரி. ருசி? வெந்த பூண்டும் சீரகமும் நெய்யோடு சேர்ந்து வரும் வாசனைக்காகத்தான் இந்தச் சோறே. தக்காளி அதை அமுக்கிவிடும். புளிப்பு வேண்டுமென்றால் ஓரத்தில் ஊறுகாய் இருக்கிறது, தயிர் இருக்கிறது. உங்கள் மாமியாரிடமே கேட்டுப் பாருங்கள்.

ஒண்டிக்கட்டை பெங்களூரு:
வெந்துவிட்டது!! கரண்டியால் தொட்டாலே மசிகிறது. அப்பளம் இல்லை, மிக்சரைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன், திட்டாதீர்கள்.

தஞ்சாவூரான்:
அத்தைக்குப் போன் போட்டேன். அவர்கள் வீட்டில் தக்காளி போடுகிற வழக்கமே கிடையாதாம், மாப்பிள்ளை புளிப்பு இல்லாமல் சாப்பிட மாட்டார் என்று நான் போகிற அன்று மட்டும் போடுகிறாராம். பின்னால் என் மனைவி சிரிக்கிற சத்தம் இன்னும் கேட்கிறது. இருந்தாலும் அக்கா, நான் போடத்தான் போகிறேன்.