புதுப்பிப்பு: மாண்டலின் 'சாப்' ஒருவழியாக வந்தது

மூணு வாரம் முன்னாடி இங்கே புலம்பியிருந்தேன்: புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசை வகை) ரிதம் அடித்தால், 'சாப்' அடிக்கு வேண்டியபடி 'டக்' என்று வெட்டாமல் 'ஜங்ங்ங்' என்று இழுக்கிறது என்று. தப்பு என்மேல்தான். வலது உள்ளங்கையால் கம்பியை அமுக்கிக்கொண்டிருந்தேன். சத்தத்தை வெட்ட வேண்டியது இடது கை. அடித்த உடனே அழுத்தத்தை மட்டும் தளர்த்தணும், விரல் கம்பி மேலேயே இருக்கணும். விரல் வைக்காத திறந்த கம்பி இருந்தால் அது பாட்டுக்கு ஒலிக்கும். அதனால்தான் மாண்டலினின் நாலு ஜோடிக் கம்பிகளையும் விரலால் மூடும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்).

புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோ வழி வந்த ஜி கார்டில் ஜி கம்பியை 7-ஆம் கட்டத்தில் அழுத்தணும், டி 5, ஏ 2, ஈ 3. சுண்டுவிரல் 7-க்கு எட்டினால்தானே! இப்போதைக்கு ஜி ஜோடியை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் அடிக்கிறேன். கொஞ்சம் ஒல்லியான சத்தம்தான், பரவாயில்லை.

தாளம்தான் பெரிய தலைவலி. டிரம் இல்லாத இசை இது. நாலு எண்ணிக்கையில் பேஸ் (தாழ்ந்த சுரக் கருவி) 1, 3-இல் விழ, மாண்டலின் 2, 4-இல் ஸ்நேர் டிரம் வேலை பார்க்கணும். நிமிஷத்துக்கு 100 அடி வேகத்துக்கு மெட்ரோனோமை ('டிக் டிக்' என்று வேகம் காட்டும் கருவி) 50-இல் வைத்து, ஒவ்வொரு 'டிக்'கையும் 2, 4 என்று எண்ணுகிறேன். அசந்தால் அது 1, 3 ஆகிவிடுகிறது. நேற்று முழுசாக இரண்டு நிமிஷம் தாக்குப்பிடித்தேன்.