ரெடிமேட் டெஸ்க்டாப் வாங்கின அனுபவம்: மூடியைக் கழற்றிப் பார்க்காம காசு கொடுக்காதீங்க

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து:

வணக்கம் உறவுகளே. போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஆபீஸ் வேலைக்கும் கேமுக்கும் சேர்த்து ஒரே டெஸ்க்டாப் வேணும். அசெம்பிள் பண்ண எனக்குத் தெரியாது. ரெடியா விக்கிறதுல எதை எடுக்கலாம்?" அவருக்கு ஒரு வரியில பதில் போட மனசு வரல. இதுல எனக்குக் காசும் போச்சு, ஒரு ராத்திரி வேலையும் போச்சு. அதனால முழுசா எழுதுறேன். உங்க அனுபவத்தையும் கீழே சேர்த்துவிடுங்க.

நான் கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் டிராயிங் போடுறவன். பகல் முழுக்க ஆட்டோகேடும் ரெவிட்டும் ஓடும். சனி ஞாயிறுல அதே மெஷின்ல பையன் கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாடுவான். அந்த கேமுக்கு ஜோஹன்னஸ்பர்க்லயே சர்வர் இருக்கிறதால லைன் நல்லாத்தான் இருக்கும். மெஷின் சரியா இருந்தா போதும்.

2022ல ஒரு மால்ல இருந்த கடையில முதல் மெஷினை எடுத்தேன். பக்கத்துல கண்ணாடி, உள்ள மூணு ஃபேனும் கலர் கலரா எரியுது. அட்டையில "ஐ7, 8 ஜிபி ரேம், 500 வாட்"னு பெரிய எழுத்துல போட்டிருந்தாங்க. விலை 14,500 ரேண்ட். பையன் முகத்தைப் பார்த்தேன், கார்டை நீட்டிட்டேன். எந்த ஐ7னு கேட்கணும்னே எனக்கு அப்ப தெரியாது. உள்ள இருந்த இன்டெல் புராசசர் ஐ7-4790, 2014ல வந்தது. நான் வாங்கினப்போவே எட்டு வருஷப் பழசு. அதே 2022ல வந்த ஐ3-12100 அதைவிட நல்லா ஓடும். ஐ7ங்கிற பேரு ஒவ்வொரு தலைமுறைக்கும் திரும்பத் திரும்ப வரும். கோடுக்கு அப்புறம் வர்ற நம்பர்தான் வயசைச் சொல்லும். 4790ன்னா நாலாவது தலைமுறை, 12400ன்னா பன்னிரண்டாவது.

ரெவிட்ல பெரிய மாடலைத் திறந்தா டீ போட்டுக் குடிச்சிட்டு வரலாம். அப்படியும் பதினாலு மாசம் ஓட்டினேன். 2023, தென்னாப்பிரிக்கா முழுக்க ஸ்டேஜ் 6 லோட் ஷெட்டிங், அதாவது முறை வெச்சு கரண்டை நிறுத்துறது, ஓடின நேரம். ஒரு வியாழக்கிழமை ராத்திரி, மறுநாள் டிராயிங் கொடுக்கணும். கரண்ட் போய் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்துச்சு. வந்த வேகத்துல கேபினட் உள்ள "டப்"னு ஒரு சத்தம். பிளாஸ்டிக் கருகின வாசம் அடுப்படி வரைக்கும் வந்துச்சு. எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி, அது போனதோட நிக்கல, மதர்போர்டையும் டிஸ்கையும் சேர்த்துக் கொண்டுபோயிடுச்சு. மூணு நாள் வேலை அந்த டிஸ்க்ல இருந்துச்சு.

எங்க பக்கத்து வீட்டு ஐயா ரிட்டயர்ட் எலக்ட்ரீஷியன். நாலு தலைமுறையா இங்கேயே இருக்கிற குடும்பம். அவருக்கு வர்ற தமிழ் கொஞ்சம்தான், ஆனா என்னைத் "தம்பி"ன்னுதான் கூப்பிடுவார். மறுநாள் காலையில வந்து எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி என் கையில வெச்சார். காலி டிபன் பாக்ஸ் மாதிரி கனமே இல்லை. லேபிளைத் திருப்பி, 12 வோல்ட்னு போட்டிருந்த கட்டத்துல விரலை வெச்சுக் காட்டினார். 18 ஆம்ப். பன்னிரண்டை பதினெட்டால பெருக்கினா 216 வாட். புராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போறது அந்த 12 வோல்ட்தான். மேல 500ன்னு எழுதியிருக்கு, கீழ 216 தான் இருக்கு. மூடி திறந்திருந்ததால மத்ததையும் பார்த்தேன். ரேம் ஒரே ஸ்டிக், பக்கத்து ஸ்லாட் காலி. அதுவே நாலு நாலா ரெண்டு ஸ்டிக்கா இருந்தா ரெண்டு வழியிலயும் டேட்டா போகும், ரேமுக்கு டேட்டா போய் வர்ற வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். கேம்ல அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கிராபிக்ஸ் கார்டு ஜிடி 730. அதைப் பத்திப் பேச ஒண்ணும் இல்லை.

அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் ஆபீஸ் லேப்டாப்லயே சமாளிச்சேன். 2025 ஜூலை ஸ்கூல் லீவுல மறுபடியும் கடைக்குப் போனேன். முதல் கடையில, "மூடியைக் கழற்றிக் காட்டுங்க"ன்னு கேட்டேன். சீல் உடைஞ்சா வாரண்டி போயிடும்னு சொன்னாங்க. எஸ்எம்பிஎஸ் என்ன மாடல்னாவது சொல்லுங்கன்னேன். "அது நல்ல எஸ்எம்பிஎஸ்தான்"னு பதில் வந்துச்சு. நன்றி சொல்லிட்டு வெளிய வந்தேன். ரெண்டாவது கடையில இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள ஸ்க்ரூடிரைவரை எடுத்துட்டான். மூடியைக் கழற்றி, டார்ச் அடிச்சு, லேபிளைப் படிக்கச் சொன்னான். 12 வோல்ட்ல 45 ஆம்ப், அதாவது 540 வாட். 550 வாட் எஸ்எம்பிஎஸ்ல அப்படித்தான் இருக்கணும். ரேம் அதுலயும் ஒரே ஸ்டிக்தான். வித்தியாசத் தொகையைக் கொடுத்தா ரெண்டு 16 ஜிபி போட்டுத் தர்றேன்னு அவனே சொன்னான். ஐ5-12400எஃப் புராசசர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்). எல்லாம் சேர்த்து 20,300 ரேண்ட் ஆச்சு.

அதே விலைக்கு வேற மெஷின்ல ஐ7 புதுசாவே கிடைச்சுது, ஆனா கார்டு சின்னது, எஸ்எம்பிஎஸ்ஸும் பேர் இல்லாதது. நான் ஐ5ஐ எடுத்தேன். ரெவிட் பெரும்பாலும் ஒரு கோர் எவ்வளவு வேகம்ங்கிறதையும், ரேம் எவ்வளவுங்கிறதையும்தான் பார்க்கும். எத்தனை கோர் இருக்குங்கிறது ரெண்டாம் பட்சம். கேமுக்குக் கார்டுதான் முக்கியம். அதனால என் வேலைக்கும் பையன் விளையாட்டுக்கும் ஒரே மெஷின் பொருந்திப் போச்சு. வீடியோ எடிட் பண்றவங்களுக்கு இந்தக் கணக்கு மாறும்.

மிட்ராண்டிலிருந்து ஒரு அக்கா:

தம்பி, நான் வேற வழியில போனேன், எனக்கு அதுவும் நல்லதாவே முடிஞ்சது. வீட்டிலிருந்தே ரெண்டு மூணு கம்பெனிக்குக் கணக்கு எழுதுறேன். எக்செலும் கணக்கு சாப்ட்வேரும் பிரவுசரும்தான். இதுக்கு எதுக்கு இருபதாயிரம்னு, ஆபீஸ்கள் லீஸ் முடிஞ்சு திருப்பிக் கொடுக்கிற டெஸ்க்டாப் ஒண்ணு 4,200 ரேண்டுக்கு எடுத்தேன். ஐ5-8500, 8 ஜிபி. இன்னொரு 8 ஜிபியும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டேன். மூணு வருஷமாச்சு, ஒரு நாளும் மக்கர் பண்ணல.

இதுல ஒண்ணு கட்டாயம் கவனிக்கணும். எட்டாவது தலைமுறைக்குக் கீழ இருக்கிற இன்டெலை விண்டோஸ் 11 ஏத்துக்காது. விண்டோஸ் 10க்குச் சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிடுச்சு. கடைகள்ல ஐ7-6700, ஐ7-7700 எல்லாம் "ஐ7"னு குவிச்சு வெச்சிருக்காங்க. அடுத்தவங்க கணக்கைக் கையில வெச்சிருக்கிற நான், செக்யூரிட்டி அப்டேட் வராத மெஷின்ல உட்கார முடியாது.

பிரச்சினை பொண்ணு கேம் கேட்டப்பதான் வந்துச்சு. ஒரு கிராபிக்ஸ் கார்டு செருகிட்டா போதும்னு நினைச்சேன். திறந்து பார்த்தா கேபினட் ஒல்லி, முழு உயர கார்டு நிக்காது. எஸ்எம்பிஎஸ்ல கார்டுக்குப் போற ஆறு பின் ஒயரே இல்லை. சரி, எஸ்எம்பிஎஸ்ஸை மாத்துவோம்னா, மதர்போர்டுல இருக்கிற கனெக்டர் அந்தக் கம்பெனியோடது, கடையில விக்கிற எதுவும் பொருந்தாது. பெரிய கம்பெனி ஆபீஸ் மெஷின்கள் நிறைய இப்படித்தான் வருது. ஸ்லாட் வழியா மட்டும் கார்டுக்குக் கிடைக்கிறது 75 வாட். அதுக்குள்ள அடங்குற கார்டா தேடினோம். ஆர்டிஎக்ஸ் 3050ல 6 ஜிபி மாடல் 70 வாட்தான், குட்டை சைஸ்லயும் வருது. அதைப் போட்டோம். புது கேம்ல செட்டிங்கைக் குறைச்சுத்தான் ஓட்டுறா, ஆனா சந்தோஷமா ஓட்டுறா. 8 ஜிபி மாடலைத் தவறி வாங்கிடாதீங்க, அதுக்குத் தனி ஒயர் வேணும்.

பெனோனியிலிருந்து:

டர்பன் அண்ணன் சொன்ன "டப்" சத்தத்தை நானும் கேட்டிருக்கேன், ஆனா எனக்கு அது மின்னல். ஜோஹன்னஸ்பர்கைச் சுத்தியிருக்கிற இந்த ஹைவெல்ட் மேட்டு நிலத்துல கோடைச் சாயங்காலம்னா இடியும் மின்னலும் இல்லாத வாரமே கிடையாது. ஃபைபர் லைன்ல கண்ணாடி இழைதான் வருதுன்னு தைரியமா இருந்தேன். இழை வழியா மின்னல் வராது, உண்மை. ஆனா ரவுட்டரோட அடாப்டர் சுவர்லதானே இருக்கு. அங்கிருந்து லேன் ஒயர் வழியா மதர்போர்டுக்கு வந்துச்சு. இப்ப மேகம் கருத்தா பிளக்கையும் பிடுங்குறேன், லேன் ஒயரையும் பிடுங்குறேன்.

யுபிஎஸ் பத்தியும் சொல்லணும். டப்பாவுல பெரிசா போட்டிருக்கிற விஏ நம்பரை விட்டுட்டு வாட்டைப் பாருங்க. என்னோடது 1000 விஏ, ஆனா 600 வாட்தான். இன்னொரு விஷயம்: மலிவான யுபிஎஸ், பேட்டரிக்கு மாறினதும் படிப்படியான அலையா கரண்ட் கொடுக்கும். இப்ப வர்ற நல்ல எஸ்எம்பிஎஸ் சிலது அதை ஏத்துக்காம அந்த நொடியே ஆஃப் ஆயிடும். என் நண்பர் வீட்டுல யுபிஎஸ் இருந்தும் கரண்ட் போறப்பெல்லாம் மெஷின் அணைஞ்சது இதனாலதான். சீரான அலையா கரண்ட் கொடுக்கிற சைன்வேவ் யுபிஎஸ் மாத்தினதும் சரியாச்சு. 2024 மார்ச் 26க்கு அப்புறம் பல மாசம் லோட் ஷெட்டிங் இல்லைன்னு நிறைய பேர் யுபிஎஸ்ஸை வித்துட்டாங்க. நான் விக்கல. ஏரியா கேபிள் திருடு போனாலும் கரண்ட் போகத்தானே செய்யும்.

செஞ்சூரியனிலிருந்து:

சின்ன விஷயம், ஆனா எனக்கு ஆறு மாசம் போச்சு. புது மெஷின்ல கேம் திணறுது, கடைக்காரர்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். கடைசியில பார்த்தா மானிட்டர் ஒயரை மதர்போர்டுல செருகியிருக்கேன். கீழ கிராபிக்ஸ் கார்டுல செருகணும். அப்படியே 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினவங்க, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ல போய் 144னு மாத்தியாச்சான்னு ஒரு தடவை பாருங்க. என்னுது 60லயே நின்னுக்கிட்டு இருந்துச்சு.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து:

ஆன்லைன்ல வாங்கி கூரியர்ல வரவெச்ச அனுபவம். பெட்டி மேல ஒரு கீறல் இல்லை. ஆன் பண்ணினா ஸ்கிரீன் கருப்பு. கனமான கிராபிக்ஸ் கார்டு வழியெல்லாம் குலுங்கி ஸ்லாட்லயிருந்து பாதி வெளிய வந்து, ஸ்லாட் ஓரம் உடைஞ்சிருந்துச்சு. நல்ல கடைன்னா கேபினட் உள்ளயே நுரைத் தலையணை வெச்சு அனுப்புவாங்க. அதுவும் இருந்தா, ஆன் பண்றதுக்கு முன்னாடி திறந்து எடுத்துடுங்க. அப்படியே ஓட்டினா ஃபேன் சுத்தாது.

நான் பெட்டியைப் பிரிக்கிறதுலயிருந்து வீடியோ எடுத்திருந்தேன், அதனால வாக்குவாதம் இல்லாம மாத்திக் கொடுத்தாங்க. நம்மூர்ச் சட்டம் ரெண்டு தெரிஞ்சு வெச்சுக்கங்க. ஆன்லைன்ல வாங்கினதைக் கைக்கு வந்த ஏழு நாளுக்குள்ள காரணம் சொல்லாமலே திருப்பலாம், அனுப்புற செலவு மட்டும் நம்மது. 2002 மின்னணு வர்த்தகச் சட்டம், 44வது பிரிவு. கடையோ ஆன்லைனோ, ஆறு மாசத்துக்குள்ள பழுதுன்னா ரிப்பேரா, வேற பொருளா, பணமான்னு நாமதான் தேர்ந்தெடுக்கணும். 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56வது பிரிவு. "ரிப்பேர் மட்டும்தான்"னு சொன்னா இந்த நம்பரைச் சொல்லுங்க.

கேள்வி கேட்ட தம்பி, பீனிக்ஸிலிருந்து:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. என்கிட்ட 12,000 ரேண்ட்தான் இருக்கு. பகல்ல கோடிங், கிளாஸ் மீட்டிங். ராத்திரி கொஞ்சம் கேம். இந்தக் காசுக்கு இறங்கலாமா, இன்னும் சேர்க்கணுமா?

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து:

இறங்கலாம் தம்பி. ஆனா 12,000க்கு எல்லாமே இருக்குன்னு அட்டை போட்ட மெஷினை எடுக்காதீங்க, அதுலதான் நான் மாட்டினேன். கார்டு இல்லாத மெஷினா எடுங்க. புராசசர் நம்பர் கடைசியில எஃப் எழுத்து இருக்கக்கூடாது. எஃப் போட்டதுல உள்ளிருந்து டிஸ்ப்ளே வராது, கார்டு இல்லாம ஸ்கிரீனே எரியாது. ஐ5-12400 மாதிரி ஒண்ணு, ரெண்டு 8 ஜிபி ஸ்டிக், என்விஎம்இ, அப்புறம் லேபிள்ல 12 வோல்ட் கணக்கு சரியா இருக்கிற 550 வாட் எஸ்எம்பிஎஸ், அதுல எட்டு பின் ஒயர் இருக்கணும். சாதாரண டவர் கேபினட், அக்கா சொன்ன ஒல்லி மாடல் வேண்டாம். கோடிங்குக்கு நாளைக்கே உட்காரலாம். லேசான கேம் ஓடும். நாலஞ்சு மாசம் சேர்த்துக் கார்டு மட்டும் வாங்கிச் செருகுங்க, வேற எதையும் மாத்த வேண்டி வராது.

மிச்சத்துல, கரண்ட் திடீர்னு ஏறினா தடுக்கிற ஒரு நல்ல சர்ஜ் பிளக் கட்டாயம். டிராயிங்கை நான் இப்ப தினமும் வெளி டிஸ்க் ஒண்ணுலயும் காப்பி எடுக்கிறேன், நீங்க எழுதுற புரோகிராமுக்கும் அதைப் பண்ணுங்க.

சனிக்கிழமை காலையில பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குக் காய் வாங்க வருவேன். பத்து மணிக்கு மேல ஃப்ரீதான். நான் வாங்கின கடைக்குச் சேர்ந்தே போவோம். ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சும் நான் எடுத்துட்டு வர்றேன்.