தண்டவாளத்துல வயர் பத்தவே மாட்டேங்குது, அவசரம்!

மண்டபம்காரன்: பாம்பன் பழைய தூக்குப்பாலத்தை மாடலா செய்றேன், மேல ரயில் ஓடணும். கரண்டு வயரைத் தண்டவாளத்துல ஈயம் உருக்கிப் பத்த வச்சா (சால்டரிங்), ஈயம் குண்டுமணியா உருண்டு விழுது. தண்டவாளத்துக்கு அடியில இருக்குற பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டை ரெண்டு உருகிக் கோணிடுச்சு. ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அந்தப் பாலத்துல கேங்மேனா இருந்தவரு. சீக்கிரம் சொல்லுங்க.

உச்சிப்புளி ரவுண்டானா: சால்டரிங் அயர்ன் எத்தனை வாட்? ஈயம் பிடிக்கத் தடவுற பேஸ்ட் போட்டீங்களா? தண்டவாளம் என்ன உலோகம்?

கீழக்கரை ரேடியோ: எல்லாம் உப்புக்காத்து வேலை. நம்ம பக்கம் எந்த உலோகமும் சுத்தமா இருக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க.

டீசல் ஷெட்: ஆசிட் தடவுங்க தம்பி, பாத்திரக்கடையில தருவாங்க. உடனே பிடிக்கும்.

மூத்த லோகோ: ஆசிட் சொன்னவர் தயவுசெஞ்சு ஒதுங்கிக்கோங்க. மிச்சம் நிக்கிற ஆசிட் வயரை அரிச்சுடும், கடல் ஈரத்துல இன்னும் சீக்கிரம். தம்பி, இதை நான் எத்தனையோ தடவை எழுதியாச்சு, தேடிப் படிக்கிற பழக்கம்தான் யாருக்கும் இல்ல. முதல்ல காந்தம் வச்சுப் பாருங்க. ஒட்டினா இரும்பு, ஈயம் லேசுல பிடிக்காது. ஒட்டாம வெள்ளையா இருந்தா நிக்கல் சில்வர், பேருதான் சில்வர், உள்ள செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். அதுல நல்லாவே பிடிக்கும். தண்டவாளத்தோட வெளிப்பக்கத்துல மட்டும் பத்த வைங்க, உள்பக்கம் சக்கரம் இடிக்கும். சூடு பரவாம இருக்க, பத்த வைக்கிற இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்டவாளத்துல ஈரத்துணி சுத்துங்க. தண்டவாளத்துலயும் வயர்லயும் தனித்தனியா ஈயம் பூசிட்டு, அப்புறம் சேர்த்து ரெண்டே செகண்டு தொட்டு எடுங்க. வாட் கம்மியான அயர்னை ரொம்ப நேரம் அழுத்துறதாலதான் ஸ்லீப்பர் உருகுது.

மண்டபம்காரன்: காந்தம் ஒட்டல. 25 வாட். பேஸ்ட் இருக்கு. எச்.ஓ. அளவு தண்டவாளம், அதாவது நிஜத்துல 87ல் ஒரு பங்கு.

உச்சிப்புளி ரவுண்டானா: 25 பத்தாது, 60 எடுங்க. ஒரே இடத்துல வயர் கொடுத்தா போதும்னும் நினைக்காதீங்க. இணைப்புத் தகடு துருப்பிடிச்சா அந்தப் பக்கம் இன்ஜின் திணறும். ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஒரு ஜோடி வயர் கொடுங்க.

மீட்டர்கேஜ் பிரியன்: எச்.ஓ.ன்னா கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இடைவெளி, 16.5 மில்லி. 87ல் ஒரு பங்கு அளவுல அது நம்ம ஊரு ரயிலே இல்லையே! 2007 வரைக்கும் பாம்பன்ல ஓடினது ஒரு மீட்டர் இடைவெளி உள்ள மீட்டர் கேஜ், அதுக்கு 11.5 மில்லிதான் வரும்.

டீசல் ஷெட்: அதுக்கப்புறம் அதே பாலத்துல பிராட் கேஜும் ஓடுச்சே. அதோட 1676 மில்லியை 87ஆல வகுத்தா 19.3 வரும்.

மீட்டர்கேஜ் பிரியன்: நானும் அதைத்தான் சொல்றேன், ரெண்டும் இல்ல. 16.5 வெளிநாட்டு 1435 கேஜுக்கு உள்ளது.

மூத்த லோகோ: கேஜ் சண்டையைத் தனியா வச்சுக்கோங்க. இங்க ஒருத்தர் அப்பாவுக்காகச் செய்றார்.

கீழக்கரை ரேடியோ: தம்பி, வயர் எங்க வாங்குனது? பழசா? தோலை உரிச்சு உள்ள பாருங்க. படகுல கிடந்த வயர்னா செம்பு கறுத்திருக்கும். அதுல எந்த பேஸ்டும் எடுபடாது.

மண்டபம்காரன்: மாமாவோட வல்லத்துல லைட்டுக்கு இருந்த வயர்தான். ரெண்டு அங்குலம் உரிச்சுப் பாத்தேன், இழை இழையா கரி மாதிரி கறுப்பு. இன்னும் வெட்டினேன், அங்கேயும் அதேதான்.

கீழக்கரை ரேடியோ: தூக்கிப் போடுங்க. புதுசு ரெண்டு மீட்டர் வாங்குங்க.

மண்டபம்காரன்: புது வயர், 60 வாட். தொட்டதும் பிடிச்சுக்கிச்சு. ரேடியோ அண்ணே, நன்றி. ஓடுது. அப்பா தூங்குறாரு, சத்தமில்லாம ஓட்டிப் பாத்துட்டு மூடி வச்சிருக்கேன்.

மீட்டர்கேஜ் பிரியன்: ஞாயித்துக்கிழமை போட்டோ போடுங்க தம்பி. கேஜைப் பத்தி எதுவும் சொல்ல மாட்டேன்.