வெருகல் பக்கத்தில் வேடர் பண்பாட்டு மண்டபம்: எந்த வேலைக்கு எங்கே காசு கேட்பது?

கொட்டியாரக்கரை:
திருகோணமலை மாவட்டத்து வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துக் கரையோர வேடர் குடும்பங்களின் சங்கமொன்று பதிவாகியிருக்கு. வேலை இரண்டு. மூத்தவர்களிடமிருந்து சடங்குப் பாட்டு, மூலிகை, தேன் எடுக்கும் முறை எல்லாம் பதிவு செய்ய வேணும். உடுக்கு, வில், அம்பு, பழைய கருவிகள் வைக்க 20க்கு 40 அடியில் மண்டபமும் வேணும். இரண்டையும் ஒரே திட்டமாக எழுதி வெளிநாட்டு நிதி கேட்கலாமோ? காணிக்கு வருடாந்த அனுமதிப்பத்திரம் மட்டும்தான் இருக்கு.

கோப்புமேசை:
ஒன்றாக எழுதாதேங்கோ. பண்பாட்டுக்குக் காசு தாற இடங்கள் பெரும்பாலும் கட்டடத்துக்குத் தராது. 2001இல் தொடங்கிய அமெரிக்கத் தூதுவர் பண்பாட்டுப் பாதுகாப்பு நிதியின் விதிகளிலேயே புதுக் கட்டடம் கூடாது என்று இருக்கு.

உங்கட முதல் வேலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒன்று இருக்கு: அருகிவரும் பொருள்சார் அறிவுக்காக பிரிட்டிஷ் மியூசியம் 2018இல் தொடங்கிய திட்டம். ஒரு பொருளை எப்படிச் செய்கினம், எப்படிப் பாவிக்கினம் என்பதைப் பதிவு செய்யவே அந்தக் காசு. சங்கம் தனியே நிற்காமல் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தையோ, மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தையோ சேர்த்துக்கொண்டால் விண்ணப்பம் நிமிர்ந்து நிற்கும். 1911இல் வந்த மானிடவியலாளர் செலிக்மன் தம்பதியரின் ஆய்விலேயே கரையோர வேடரைப் பற்றி எழுதியிருக்கு. பின்னணிப் பந்தியில் அதைச் சொல்லுங்கோ.

இஃபாட்டின் (ஐ.நா.வின் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியம்) பழங்குடியினர் உதவி நிதி 2007இலிருந்து இருக்கு. பழங்குடி அமைப்புகளுக்கே நேரே தாற சிறு நிதி. வருசா வருசம் அழைப்பு வராது, அதனால் கோப்பை இப்போதே தயாராக வையுங்கோ. யுனெஸ்கோவின் அருவ மரபு (பாட்டு, சடங்கு, கைவினை அறிவு போன்றவை) நிதியைச் சங்கம் நேரே கேட்க முடியாது. இலங்கை 2008இல் அருவ மரபுக்கான சமவாயத்தில் சேர்ந்தது, விண்ணப்பம் அரசு வழியாகத்தான் போக வேணும்.

சின்ன விசயம், ஆனால் கோப்பு திரும்பி வாறது இதில்தான்: ஈச்சிலம்பற்றை ஆங்கிலத்தில் ஒருவர் ‘பற்று’ என்று முடிப்பார், மற்றவர் ‘பத்தை’ என்று முடிப்பார். பதிவுச் சான்றிதழில் ஒரு எழுத்து, வங்கிக் கணக்கில் இன்னொரு எழுத்து என்றால் காசு வங்கியிலேயே நிற்கும். விண்ணப்பிக்க முதல் கூட்டத் தீர்மானம் எடுத்து இரண்டையும் ஒன்றாக்குங்கோ.

அளவுநாடா:
மண்டபத்துக்கு மாகாண நிதி, இல்லாவிட்டால் பன்முகப்படுத்தப்பட்ட நிதி. இரண்டுக்கும் பிரதேச செயலகம்தான் வாசல். ஆனால் வருடாந்த அனுமதிப்பத்திரக் காணியில் நிரந்தரக் கட்டடத்துக்கு மதிப்பீடு போட டி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) கை வைக்க மாட்டார். முதலில் நீண்டகாலக் குத்தகைக்கோ, பொதுத் தேவைக்கான ஒதுக்கீட்டுக்கோ எழுதிக் கொடுங்கோ. காணி வன இலாகா வரைபடத்துக்குள் விழுகுதோ என்றும் அப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கோ.

அடுத்தது நாள்காட்டி. அரச நிதியாண்டு டிசம்பர் 31உடன் முடியும், செலவழியாத காசு திரும்பிப் போகும். ஒதுக்கீடு ஆடி, ஆவணியில் கைக்கு வந்தால், ஐப்பசியில் வாடைமழை பிடிக்க முதல் கூரை ஏற வேணும். வெருகல் ஆறு மகாவலியின் கிளை. அது பெருகினால் மணல் லொறி உள்ளே வராது, அளவெடுத்து பில் போடவும் ஏலாது. அதனால் 20க்கு 40ஐ இரண்டு கட்டமாகப் பிரித்து, முதல் வருசம் அத்திவாரம், தூண், கூரை மட்டும் கேளுங்கோ. பூச்சும் கதவும் அடுத்த வருசம்.

தரைமட்டத்தை முந்தைய வெள்ளக்கோட்டுக்கு மேலே எடுங்கோ. பழைய வீட்டுச் சுவர்களில் அந்தக் கறை தெரியும். கடல் மணல் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள உப்பு கம்பியைத் தின்னும். கடற்காற்று படுகிற இடத்தில் கம்பிக்கு மேல் 2 அங்குலம் கொங்கிறீற் மூடி இருக்க வேணும். காசு மிச்சம் பிடிக்கிறதென்று ஒரு அங்குலத்தில் விட்டால் கம்பி துருவேறி வீங்கி கொங்கிறீற்றை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கூரைக்குத் தகரத்தைவிட ஓடு நல்லது.

உடுக்கின் தோல் ஈரத்தில் தளரும், வெயிலில் வெடிக்கும். ஏசி பூட்டி இரவில் நிறுத்துவது இரண்டையும் சேர்த்துச் செய்யும். இரு பக்கமும் காற்றோட்டம், தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் அரை அடி தள்ளிய தட்டு, அதுவே காணும். கறையான் மருந்தை அத்திவாரம் நிரப்பும்போதே அடிக்க வேணும்.

கொட்டியாரக்கரை:
நன்றி. பதிவுக்கு போன் காணுமோ?

கோப்புமேசை:
படத்துக்குக் காணும், பாட்டுக்குக் காணாது. ரெக்கோடரில் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ், வேவ் கோப்பு. ஸ்டீரியோவில் ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 1 ஜிபி. எம்பி3ஆக எடுத்தால் பிறகு திருத்த வழியில்லை. கரையில் காற்று விடாது, மைக்குக்குக் காற்றுச் சத்தம் தடுக்கிற மயிர்க்கவசம் போடுங்கோ. மூன்று பிரதி எடுத்து ஒன்றை ஊருக்கு வெளியே வையுங்கோ.

எடுக்க முதல் ஒப்புதல் வாங்குங்கோ. பிரிட்டிஷ் மியூசியத் திட்டத்தில் எடுத்ததெல்லாம் இணையத்தில் யாரும் பார்க்கிற மாதிரிப் போகும். சடங்கில் மட்டும் பாடுகிற பாட்டுகளையும் மருந்துச் சேர்மானங்களையும் மூத்தவர்கள் வேறாகச் சொன்னால் அந்தப் பட்டியலை விண்ணப்பத்திலேயே சேர்த்து, அவை ஊரில் மட்டும் இருக்கும் என்று எழுதுங்கோ. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த பிறகு கேட்டால் இழுபறிதான்.