செயின் கழன்றுகொண்டே இருந்த சைக்கிள்: உங்களுக்கு நடந்தது என்ன?

மௌல்மீன்வாசி:
கியர் இல்லாத சைக்கிள். பர்மாவில், எங்கள் மௌல்மீனில் ஆற்றோரமாக ஸ்ட்ராண்டு ரோட்டில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது. பகோடா (புத்தர் கோயில்) மேட்டில் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தால் மட்டும் ‘டக்’கென்று செயின் கழன்றுவிடும். போன கடையில் எல்லாம் ஒரே பதில்தான்: “செயின் தொங்குது, லிங்க் எடுத்துடலாம்.” எடுத்தார்கள். மேட்டில் மறுபடியும் விழுந்தது.

கடைசியில் பார்த்த மெக்கானிக் ஒரு பர்மாக்காரப் பெரியவர். அவர் செயினைத் தொடவே இல்லை. பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். நட்டைக் கழற்றி அச்சை இழுத்தார், பாதிதான் கையோடு வந்தது. மீதிப் பாதி சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள்ளேயே இருந்தது. முறிந்த இடத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு பக்கம் துருவேறிக் கறுத்திருந்தது, மறுபக்கம் புதிதாக உடைந்த பளபளப்பு. ரொம்ப நாளாகவே விரிசல் விட்டிருக்கிறது. இரண்டு பக்க நட்டும் இறுகப் பிடித்திருந்ததால் துண்டுகள் சேர்ந்தே நின்றிருக்கின்றன. அழுத்தி மிதித்ததும் சக்கரம் சாய்ந்து, செயின் தளர்ந்து கழன்றிருக்கிறது. அந்த அச்சோடுதான் மழைக்காலம் முழுக்கப் பேரனைக் கேரியரில் உட்காரவைத்து மேட்டிலிருந்து இறங்கியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

பெகு தம்பி:
அண்ணே, அச்சு முறிந்து செயின் விழுவதெல்லாம் அபூர்வம். இதைப் படித்துவிட்டு எல்லாரும் சக்கரத்தைக் கழற்றப் போகிறார்கள். முன் பல்சக்கரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தங்கச்சிக்கு வாங்கியது ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள். செயினை முழுக்க மூடிய கவர் இருந்ததால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டினால் விழும், சில நாள் விழாது. கவரைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துப் பெடலை மெதுவாகச் சுற்றினேன். ஓரிடத்தில் செயின் விறைப்பாக நிற்கிறது, அரைச் சுற்று போனதும் தொங்குகிறது. பல்சக்கரம் நடு மையத்தில் இல்லை. தொங்கும் நேரத்தில் குலுக்கல் வந்தால் விழுகிறது, விறைப்பான நேரத்தில் வந்தால் விழுவதில்லை. சில நாள் விழாததற்கு அதுதான் காரணம். நான் சாக்பீஸால் குறி போட்டுக் காட்டியும் கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, “புதுச் செயின் போடு” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

தன்லியின் பக்கம்:
எனக்கு நடந்தது யாங்கோனுக்குப் பக்கத்தில், தன்லியின் ஊருக்குப் போகும் பாலத்தில். பீலிக்கான் முனீஸ்வரன் கோயிலுக்குப் போகும் வழியில், பின்னால் லாரி வந்துகொண்டிருந்தபோது செயின் கழன்றது. பெடல் காற்றில் சுற்றியது, கால் நழுவியது, எப்படியோ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். செயின் தேய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு பேரும் சொன்னது சரிதான், ஆனால் வரிசையாகப் பாருங்கள். முதலில், செயின் எந்தப் பக்கம் விழுகிறது? எப்போதும் ஒரே பக்கம் என்றால் முன் பல்லும் பின் பல்லும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகப்படுங்கள். பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலே தெரியும். அப்புறம் நீளம். செயினை இழுத்துப் பிடித்து, லிங்குகளைக் கோக்கும் ஆணி ஒன்றின் நடுவிலிருந்து அளவுகோல் வையுங்கள். புதுச் செயினில் 24 ஆணி தள்ளி சரியாக 12 அங்குலம் வரும். அதற்கு மேல் 1/16 அங்குலம் போனால் மாற்றுங்கள். 1/8 வரை விட்டால் பல்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும், அரிவாள் மூக்கு போல ஒரு பக்கமாக வளைந்து நிற்கும். அதன் மேல் புதுச் செயின் போட்டால் ஏறி ஏறி குதிக்கும். தேய்ந்த செயினில் லிங்க் எடுப்பதால் தொய்வு மறையும், தேய்மானம் மறையாது. எடுத்தாலும் உள் லிங்க், வெளி லிங்க் என ஜோடியாகத்தான் எடுக்க வேண்டும். அது 1 அங்குலம், அச்சு அரை அங்குலம் முன்னால் வரும். அந்த அளவுக்கு, அச்சு உட்காரும் பிளவில் (ஸ்லாட்டில்) இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். தொய்வு விஷயத்தில் தம்பி சொன்னபடி மிக விறைப்பான இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆடும்படி வையுங்கள். ஒரேயடியாக இறுக்கினால் பால்ரஸ் (அச்சைச் சுற்றி உருளும் குண்டுகள்) போய்விடும். செயினின் இரு முனையையும் சேர்க்கும் ஜாயின்ட் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்கட்டும்.

தாமுவே அக்கா:
நாங்கள் யாரும் அளவுகோல் கேட்கவில்லையே தம்பி! இவ்வளவு எழுதிவிட்டுக் கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் தண்டை) ஆட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. என் சைக்கிளில் குறை அங்கேதான் இருந்தது. கிராங்க் இரண்டையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ‘கடக் கடக்’ என்று சத்தம் வந்தது. கிராங்க் சுழலும் அச்சின் பால்ரஸ் தேய்ந்து, மழைத்தண்ணீர் இறங்கி, கிரீஸ் செம்மண் சேறாகிவிட்டிருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் பல்சக்கரம் சாய்ந்தால் செயின் எப்படி நிற்கும்? அது உள்பக்கம் விழுந்து, பின்னால் பல்லுக்கும் கம்பிக்கும் நடுவில் சிக்கிச் சக்கரமே பூட்டிக்கொண்டது. லுங்கி கட்டியிருந்தேன், சட்டென்று காலை ஊன்ற முடியவில்லை. யாங்கோனில் 2003-லிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை, எங்களுக்கு சைக்கிள்தான் கால். அதை இப்படி விட்டுவைக்கக் கூடாது.

மௌல்மீன்வாசி:
பெகு தம்பிக்கு: சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். நான் சொன்ன பெரியவர் முதலில் ஆட்டித்தான் பார்த்தார், அதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. அழுத்தி மிதிக்கும்போது மட்டும் விழுந்தால் அச்சு, குலுக்கலில் விழுந்தால் தொய்வு, பல். என் கணக்கு இதுதான்.

இன்னொன்று. புது அச்சு வாங்கும்போது பழைய நட்டையே போடப் பார்த்தார்கள். ஜப்பானில் வீட்டு உபயோகத்துக்கு ஓட்டும் சைக்கிளில் பின் அச்சு பெரும்பாலும் 3/8 அங்குலம், கியர் சைக்கிள் பலவற்றில் 10 மில்லிமீட்டர். கையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. 10 மில்லிமீட்டர் நட்டு 3/8 அச்சில் ஏறும், ஆனால் இறுக்கும்போது பிடிக்காது, மரை போய்விடும். அப்புறம் சக்கரம் முன்னால் நகர்ந்து மறுபடியும் அதே கதை. அச்சையும் நட்டையும் ஒரே கடையில் சேர்த்து வாங்கி, அங்கேயே முறுக்கிப் பாருங்கள்.