புஷ்பேக்: ‘நாடு கடத்தல்’ வேண்டாம், ‘கரைமறுப்பு’ என்போமா?

வணக்கம். அடைக்கலம் தேடிக் கடல்வழி வருபவர்களைக் கரையேற விடாமல், புறப்பட்ட இடத்துக்கே திருப்பிவிடுவதை ஆங்கிலத்தில் புஷ்பேக் (pushback) என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் ஒருவர் கேட்டது:

> புஷ்பேக் என்பதற்கு ‘நாடு கடத்தல்’ என்றே போட்டுவிடலாமே? எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். நாடு கடத்த வேண்டுமானால் ஆள் முதலில் நாட்டுக்குள் இருக்க வேண்டும். புஷ்பேக்கில் திருப்பப்படுபவர்கள் கரையையே தொடாதவர்கள்.

நான் இப்போது மொழிபெயர்க்கும் ஹிர்சி வழக்கைப் பாருங்கள். 2009 மே 6. லிபியாவிலிருந்து மூன்று படகுகளில் புறப்பட்ட ஏறத்தாழ 200 பேரை, இத்தாலியின் லாம்பதூசா தீவுக்குத் தெற்கே 35 கடல் மைலில் இத்தாலியக் கப்பல்கள் மறித்து ஏற்றிக்கொண்டன. யார், எவர் என்று ஒருவரையும் விசாரிக்கவில்லை. எங்கே போகிறோம் என்றும் சொல்லவில்லை. பத்து மணி நேரம் கழித்துக் கப்பல் நின்ற இடம் லிபியத் தலைநகர் திரிப்போலி. இறங்க மாட்டோம் என்றவர்களையும் இறக்கி ஒப்படைத்தார்கள். எல்லாம் லிபியாவோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி.

அவர்களில் 24 பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். உள்ளே வராதவர்களை வெளியேற்றியதாக எப்படிச் சொல்லலாம் என்பது இத்தாலியின் வாதம். 2012 பிப்ரவரியில் நீதிமன்றம் அதைத் தள்ளி, நடுக்கடலில் நடந்தாலும் இது கூட்டு வெளியேற்றமே, அதாவது ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்காமல் மொத்தமாக வெளியேற்றுவதே என்றது. ‘நாடு கடத்தல்’ என்று எழுதினால், ஏதோ விசாரணை நடந்து உத்தரவு போட்டு அனுப்பியதாக வாசகர் நினைப்பார். நடக்காமல் போனதே அந்த விசாரணைதான்.

‘பின்தள்ளல்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இங்கே யாரையும் தள்ளவில்லை, ஏற்றிக்கொண்டு போனார்கள். கயிறு கட்டி இழுத்துப் போவதும் உண்டு. செய்யும் விதம் மாறும், மறுக்கப்படுவது மாறாது. அதனால் ‘கரைமறுப்பு’ என்கிறேன். கரையேறுவது என்றாலே நமக்குப் பிழைத்துக்கொள்வதுதானே.

2018 ஜூனில் அக்குவாரியஸ் என்ற மீட்புக் கப்பலை, கடலில் காப்பாற்றிய 629 பேரோடு இத்தாலியும் மால்டாவும் உள்ளே விடாமல், அது ஸ்பெயினின் வலென்சியா வரை போனதே, அதுவும் கரைமறுப்பா என்று கேட்பீர்கள். அதற்குத் ‘துறைமறுப்பு’ போதும். அவர்களைத் தப்பி வந்த இடத்துக்கே திருப்பவில்லை.

சிக்கல் புல்பேக்கில்தான் (pullback), அதாவது புறப்பட்ட நாடே படகை மறித்துத் திருப்பிக்கொள்வதில். 2017 பிப்ரவரி 2 இத்தாலி–லிபியா ஒப்பந்தத்துக்குப் பிறகு, இத்தாலி படகும் பயிற்சியும் தர, லிபியக் கடலோரக் காவல்படையே மறித்துத் திருப்புகிறது. அறிக்கைகளில் இதற்குப் பெயர் ‘மீட்பு’. நம் சொல்லில் உயிரைக் காப்பதும் மீட்பு, அடகு நகையைத் திருப்புவதும் மீட்பு. அந்த மயக்கம் இங்கே ஆபத்தானது. கடலில் மீட்டவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்தால்தான் மீட்பு முடிகிறது என்பது கடல்சார் தேடல், மீட்பு உடன்படிக்கை சொல்வது. லிபியத் தடுப்பு முகாம் அப்படிப்பட்ட இடமல்ல. ஏவி விடுபவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர் என்பதால் ‘ஏவல்வழிக் கரைமறுப்பு’. ‘ஏவற்கரைமறுப்பு’ என்று சேர்த்தால் ‘ஏவற்கரை’ ஏதோ ஊர்ப்பெயர் போலத் தெரிகிறது.

நமக்கு நெருக்கமான ஒன்றிலும் சோதித்தேன். 2014 ஜூலையில் ஆஸ்திரேலியா, இலங்கையிலிருந்து படகில் வந்த 41 பேரைக் கப்பலில் வைத்தே விசாரித்துவிட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் கடலிலேயே இலங்கைக் கடற்படையிடம் கொடுத்தது. அதை ‘நாடு கடத்தல்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ‘கரைமறுப்பு’ பொருந்துகிறது.

இர்ரெகுலர் மைக்ரேஷனுக்கு (irregular migration), அதாவது உரிய அனுமதியோ ஆவணமோ இல்லாமல் குடிபெயர்வதற்கு, ‘முறைசாரா’ வேண்டாம், தொழிலாளர் துறையில் அதற்கு வேறு பொருள் ஊன்றிவிட்டது. ‘ஒழுங்குறாக் குடிபெயர்வு’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இதைவிட எளிதாக யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.