சிங்கப்பூரின் அலுவலக வட்டாரமான ஷென்டன் வேயில் மாலை ஏழு மணிக்கு மேல் ஆள் நடமாட்டம் இல்லை: கூடுதல் தளப்பரப்பு தீர்வாகுமா?

மெக்ஸ்வெல்_மேசை:
நிலப்பயன்பாட்டுக்கான 2019 பெருந்திட்டத்தோடு வந்த ஊக்குவிப்புத் திட்டத்தைத் திட்டுகிறவர்கள் அதை முதலில் பாருங்கள். ஆன்சன் சாலை, சிசில் ஸ்திரீட், ஷென்டன் வே, ராபின்சன் சாலை, தஞ்சோங் பகார் பக்கம் 20 ஆண்டு தாண்டிய அலுவலகக் கட்டடத்தை வீடும் ஹோட்டலும் கலந்ததாக மாற்றினால், வழக்கமான வரம்புக்கு மேல் 25 முதல் 30 விழுக்காடு வரை கூடுதல் தளப்பரப்பு கட்ட அனுமதி. 1991ல் வந்த நீண்டகால நிலத்திட்டமான கருத்துத் திட்டத்திலேயே வேலைகளைத் தெம்பனிஸ் மாதிரி வட்டார மையங்களுக்குப் பிரிக்க முடிவெடுத்தாயிற்று. கொவிட்டுக்குப் பிறகு வாரத்தில் சில நாள்தான் அலுவலகம். கீழே சோற்றுக்கடை போட்டவர் மாத வாடகையை முழுசாகக் கட்ட வேண்டும், மதிய வியாபாரமோ பாதி. அங்கேயே குடியிருக்க ஆள் வேண்டும்.

பைலிங்_பாண்டி:
மாற்றுவது எங்கே அண்ணே? பெரும்பாலும் இடிப்புதான். பழைய அலுவலகத் தளத்தில் மின்தூக்கியும் கழிவறையும் நடுவில், ஜன்னல் வெகு தூரத்தில். படுக்கையறைக்கு ஜன்னல் வேண்டும், அதனால் நடுப்பகுதி வீண். வீட்டுக்கு வீடு கழிவுக்குழாய் இறக்கத் தளத்தைத் துளைக்க வேண்டும். கான்கிரீட்டுக்குள்ளே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிவடம் இருந்தால் கண்ட இடத்தில் துளைக்க முடியாது. இதையெல்லாம் சமாளித்தாலும், கூடுதல் பரப்புக்கு மேலே மாடி ஏற்ற வேண்டும். பழைய பைலிங் (நிலத்தில் இறக்கிய அடித்தளத் தூண்கள்) அந்தப் பாரத்துக்குப் போட்டதில்லை. ஆக, இந்தச் சலுகையே இடிக்கச் சொல்கிறது. 1986ல் கட்டிய, சுமார் 235 மீட்டர் உயர ஆக்ஸா டவரை இடித்துவிட்டு அதே இடத்தில் 305 மீட்டர் எழுப்புகிறார்கள். அத்தனை கான்கிரீட்டையும் உடைத்தாயிற்று!

மெக்ஸ்வெல்_மேசை:
இடித்தால் இடியட்டும். அந்தக் காலத்துக் கட்டடங்களில் தெருவோரம் வெறும் சுவரும் கார் நிறுத்துமிடச் சரிவும்தான், நடக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை? பல பேருக்குச் சொந்தமான கட்டடம் என்றால் ஒட்டுமொத்த விற்பனைக்கு 80 விழுக்காடு பங்கு வைத்திருக்கும் உரிமையாளர்களின் சம்மதம் தேவை. கூடுதல் பரப்பு இல்லாமல் அந்த விலையை யார் கொடுப்பார்?

வீவக_வேலு:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள்: குடிவருவது யார்? ஷென்டன் வே கூட்டுரிமை வீடு (தனியார் கொண்டோ) சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. வெளிநாட்டவர் வாங்கினால் 2023 ஏப்ரலிலிருந்து 60 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி. ஆசாமி இல்லாத வீட்டில் விளக்கு எரியாது. பக்கத்திலேயே டக்ஸ்டனில் 50 மாடி, ஏழு புளோக், 1,848 வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள். சாயங்காலம் காய்கறி வாங்க, பிள்ளையைத் துணைப்பாடத்துக்குக் கூட்டிப்போக இறங்குவது அந்த மாதிரிக் குடும்பங்கள்தான். அறுபது, எழுபதுகளில் நகரத்து ஜனங்களைப் புதுநகரங்களுக்கு அனுப்பியதும் திட்டமிட்ட வேலைதானே.

மெக்ஸ்வெல்_மேசை:
அந்த நிலத்தின் விலையில் வீவக கட்டினால் மானியம் எங்கே போய் நிற்கும்? 2021ல் முக்கிய வட்டார வீவக வீடுகளுக்குக் கூடுதல் மானியமும், 10 ஆண்டு குடியிருந்த பிறகே விற்கலாம் என்ற விதியும் வந்ததே அதனால்தான்.

பைலிங்_பாண்டி:
வீடு யாருடையதாகவும் இருக்கட்டும், கீழ்த்தளக் கடையைக் கவனியுங்கள். புகைபோக்கிக் குழாய் கூரைவரை போக வழி விடாமல் கட்டிவிட்டால் அங்கே அடுப்பு எரியாது. கழிவுநீரில் எண்ணெயைப் பிரிக்கும் பொறிக்கு இடமில்லை, லாரி சரக்கு இறக்க வழியில்லை. அப்புறம் பபிள் டீயும் நகப்பூச்சுக் கடையும்தான் வரும், ரொட்டிப் பராட்டா வராது. பின்னால் குழாய் ஏற்ற நினைத்தால் ஒவ்வொரு மாடியிலும் இடம் பறிக்க வேண்டும். கூடுதல் பரப்பு கேட்கிறவரிடம் இந்த மூன்றையும் வரைபடத்திலேயே நிபந்தனையாகக் கேட்கலாமே.

வீவக_வேலு:
குழாய் போட்டாச்சு, சரி. வாடகையை எந்த வரைபடத்தில் எழுதுவீர்கள்?